கழுவிய நீரோடு போன கல்

முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, துறையைப் பார்வையிட ஒரு குழு வருகிறது என்பதற்காக, கனிம அலமாரிகளைச் சுத்தம் செய்து அடுக்கும் வேலை எனக்கும் இன்னொரு மாணவருக்கும் தரப்பட்டது. பல ஆண்டுகளாகத் திறக்கப்படாத இழுப்பறைகள் அவை. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கால்சைட், கார்னெட் என்று ஒவ்வொரு கல்லின் மீதும் தூசி இன்னொரு தோலைப் போலப் படிந்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் குழாய் நீரைப் பிடித்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, செய்தித்தாளின் மேல் பரப்பிக் காயவைத்தோம். கடைசி இழுப்பறையின் மூலையில் ஒரு சிறு அட்டைப்பெட்டி இருந்தது. பஞ்சுக்கு நடுவே உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மணற்கல் துண்டு. அதன் ஒரு முகம் முழுவதும், பச்சை மாறாத எலுமிச்சையின் நிறத்தில் ஒரு பொருக்கு. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, சர்க்கரைக் குருணையைப் போன்ற நுண்படிகங்கள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. பெட்டியின் மூடியில் ‘ஆண்டர்சோனைட், அமெரிக்கா’ என்று எழுதி, அதன் கீழே ‘கதிரியக்கம்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்கள். யுரேனியம் கொண்ட கனிமம் அது.

அந்த இரண்டு சிவப்புக் கோடுகளுக்கு அஞ்சி நாங்கள் கையுறை மாட்டிக்கொண்டோம். கையுறையோடுதான் அந்தக் கல்லைத் தொட்டி நீரில் முக்கினோம்.

முதல் முறை தேய்த்ததும் நீர் கலங்கலாக இருந்தது. தூசி என்று நினைத்து அதைக் கொட்டிவிட்டு வேறு நீர் பிடித்தோம். இரண்டாவது நீரில் வெளிர்மஞ்சள் சாயல் தெரிந்தபோதுதான் கல்லை எடுத்துப் பார்த்தேன். படிகங்கள் இருந்த முகத்தில் வெறும் மணற்கல் தெரிந்தது. பள்ளங்களுக்குள் மட்டும் மஞ்சள் அங்கங்கே எஞ்சியிருந்தது. பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, அவர் திட்டுவார் என்றுதான் காத்திருந்தோம். அவர் கல்லைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. “தண்ணிய எங்கப்பா ஊத்துனீங்க?” என்று கேட்டார். “முதல் தண்ணி சிங்க்ல போயிடுச்சு சார். இது ரெண்டாவது தண்ணி, தொட்டியிலதான் இருக்கு” என்றேன். அந்தத் தொட்டி நீரை ஓர் அகன்ற கண்ணாடித் தட்டில் ஊற்றி, ஆய்வகத்தில் நச்சுப்புகையை வெளியே இழுக்கும் மூடிய புகைக்கூண்டுக்குள் வைக்கச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தக் கேள்வி இத்தனை ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. ஒரு கனிமத்தைப் பாழாக்கிவிட்ட வருத்தம் சில நாட்களில் தணிந்துவிட்டது. ஆனால், கல் கெட்டுப்போனதைப் பற்றிக் கேட்காமல் நீர் எங்கே போனது என்று ஒரு புவியியலாளர் ஏன் கேட்டார் என்பது தணியவில்லை. பிறகு படித்த ஒவ்வொரு கனிமக் கையேட்டிலும் ஆண்டர்சோனைட்டின் பக்கத்தைத் தேடிப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் முதலில் நிறம், பிறகு கதிரியக்கம், பிறகு புற ஊதா விளக்கின் கீழ் அது காட்டும் பச்சை ஒளி. கடினத்தன்மை இரண்டரை, அடர்த்தி நீரைப்போல 2.8 மடங்கு என்று எண்கள். கடைசி வரியில், பெரும்பாலும் ஒரே சொற்றொடராக, ‘நீரில் கரையும்’ என்று இருக்கும். அந்த வரிசையே பிழை என்பது என் எண்ணம். இந்தக் கனிமம் எப்படிப் பிறக்கிறது, எப்படி மறைகிறது, மனிதர்களுக்கு அதனால் ஏன் கவலை என்ற மூன்றுக்கும் விடை அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

சுவரில் உப்புப் பூப்பது போல

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், யாவபாய் மாவட்டத்தில், பாக்தாத் என்ற சுரங்க ஊருக்கு அருகே ஹில்சைட் என்றொரு சுரங்கம் உண்டு. தங்கமும் வெள்ளியும் எடுப்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோண்டப்பட்டது. அங்கே யுரேனியத்தை யாரும் தேடிப் போகவில்லை. ஆனால் அந்தச் சுரங்கத்தின் சுவர்களில், ஜிப்சம் படிவோடு சேர்ந்து மஞ்சளும் பச்சையுமாகச் சில பொருக்குகள் இருந்தன. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த சார்லஸ் ஆல்ஃபிரட் ஆண்டர்சன் அவற்றைச் சேகரித்தார். ஆக்செல்ராடு, கிரிமால்டி, மில்டன், முராட்டா என்ற நால்வர் ஆராய்ந்து 1951-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரே சுரங்கத்திலிருந்து மூன்று புதிய கனிமங்கள் அறிமுகமாயின: ஆண்டர்சோனைட், பெய்லியைட், ஸ்வார்ட்ஸைட். மூன்றுமே யுரேனியக் கார்பனேட்டுகள். மூன்றுமே சுவரில் பூத்தவை.

‘பூத்தவை’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் வீட்டுச் சுவர்களில் ஈரம் ஏறி வெள்ளை வெள்ளையாகப் படியும்போது ‘உப்புப் பூத்திருக்கிறது’ என்கிறோம். அடித்தளத்திலிருந்து ஈரம் செங்கல் வழியே மேலேறுகிறது. வழியில் கிடைக்கும் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. சுவரின் முகத்துக்கு வந்ததும் காற்றில் நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. ஹில்சைட் சுரங்கத்தில் நடந்ததும் இதுவேதான். ஒரே வேறுபாடு, அந்த ஈரம் வழியில் கரைத்துக்கொண்ட பொருட்களில் யுரேனியமும் ஒன்று. சுரங்கம் தோண்டுமுன் அங்கே பாறைக்குள் ஈரம் இருந்திருக்கும், ஆனால் அது உலர்வதற்கு ஒரு சுவர் முகமும் காற்றோட்டமும் இருந்திருக்காது. மனிதர்கள் பாறையைக் குடைந்து அந்த முகத்தை உண்டாக்கித் தந்தார்கள்.

கனிமவியலாளர் ராபர்ட் ஹேசனும் அவருடைய குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஒரு பட்டியலில், பெருமளவிலோ முற்றிலுமாகவோ மனிதச் செயலால் தோன்றிய கனிமங்கள் 208 என்று கணக்கிட்டார்கள். சுரங்கச் சுவர்களில் பூத்தவை அவற்றில் பெரும் பங்கு. இதை முதலில் படித்தபோது எனக்குள் ஒரு தடுமாற்றம் ஏற்பட்டது. கனிமம் என்றால் கோடி ஆண்டுக் கணக்கு என்று பழகிய மனம் இது. அந்த மணற்கல்லில் நான் பார்த்த படிகங்களோ என் தாத்தாவைவிட இளையவையாக இருக்கக்கூடும். படிகத்துக்குத்தான் வயது குறைவு. அதற்குள் இருக்கும் யுரேனிய அணுக்கள் பூமி உருவாவதற்கு முன்பே விண்மீன்களில் பிறந்தவை. அவ்வளவு பழைய அணு, அவ்வளவு புதிய வீட்டில், அதுவும் ஒரு வாளி நீரில் கரைந்துபோகும் வீட்டில் குடியிருக்கிறது.

ஒரு சக்கரமும் இரண்டு அச்சு முனைகளும்

யுரேனியம் பாறைக்குள் தங்கியிருப்பது பெரும்பாலும் யுரேனினைட் என்ற கரிய ஆக்சைடாக. அதில் ஒவ்வொரு யுரேனிய அணுவும் நான்கு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் அது நீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பாறைகளில், ஆற்று மணலைப் போல உருண்டு தேய்ந்த யுரேனினைட் மணிகள் கிடைக்கின்றன. காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாதிருந்த காலத்து ஆறுகள் அவற்றை உருட்டிக்கொண்டு வந்தன. கரையாமல் மணலோடு மணலாக வந்து சேர்ந்தன என்பதே அன்றைய காற்றில் ஆக்சிஜன் இல்லை என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அந்தக் காலத்தில் ஆண்டர்சோனைட் உருவாக வழியே இருந்திருக்காது.

ஆக்சிஜன் கரைந்த நீர் யுரேனினைட்டைத் தொடும்போது யுரேனியம் இன்னும் இரண்டு எலக்ட்ரான்களை இழக்கிறது. இழந்த கையோடு இரண்டு ஆக்சிஜன் அணுக்களை எதிரெதிர்த் திசையில் மிக நெருக்கமாகப் பற்றிக்கொள்கிறது. நேர்க்கோட்டில் அமைந்த இந்த மூன்று அணுக் கூட்டத்துக்கு யுரேனைல் என்று பெயர். மாட்டு வண்டியின் அச்சை மனத்தில் வைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். நடுவில் யுரேனியம், அச்சின் இரு முனைகளிலும் ஆக்சிஜன். அச்சின் முனைகள் அடைபட்டுவிட்டதால், யுரேனியம் இனி வேறு எதையும் பற்றவேண்டுமென்றால் நடுவில், சக்கரத்தின் தளத்தில்தான் பற்றமுடியும்.

மழை நீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்கிறது. சுண்ணாம்புப் பாறையைத் தொட்டால் மேலும் பைகார்பனேட் சேர்கிறது. அந்த நீரில் கார்பனேட் அயனிகள் யுரேனைலைச் சந்திக்கின்றன. ஒவ்வொரு கார்பனேட்டும் தன் மூன்று ஆக்சிஜன்களில் இரண்டை நீட்டி யுரேனியத்தைப் பிடிக்கிறது. மூன்று கார்பனேட்டுகள் சேர்ந்தால் ஆறு ஆக்சிஜன்கள். சக்கரம் முழுமையாக நிரம்பிவிடுகிறது. இடைவெளி இல்லை. களிமண்ணோ இரும்புத் துருவோ யுரேனியத்தை ஒட்டிப் பிடித்து நிறுத்த எந்த முனையும் வெளியே இல்லை. நான்கு எதிர்மின்னூட்டம் கொண்ட இந்தக் கூட்டயனி, காரத்தன்மை கொண்ட நீரில் தடையின்றிப் பயணம் செய்கிறது. கல்லாக இறுகிக் கிடந்த யுரேனியம் நீரோடு நடக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

நீர் ஆவியாகும்போது இந்தக் கூட்டயனி சிதைவதில்லை. நீரில் எப்படி மிதந்ததோ அப்படியே படிகத்துக்குள் அடுக்கப்படுகிறது. மின்னூட்டத்தைச் சமன் செய்ய நீரில் எந்த உலோக அயனிகள் இருக்கின்றனவோ அவை வந்து சேர்கின்றன. அவற்றைப் பொறுத்துக் கனிமத்தின் பெயர் மாறுகிறது. இரண்டு சோடியமும் ஒரு கால்சியமும் வந்தால் ஆண்டர்சோனைட். இரண்டு கால்சியம் வந்தால் லீபிகைட். மக்னீசியம் மட்டும் வந்தால் பெய்லியைட். கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தால் ஸ்வார்ட்ஸைட். பொட்டாசியம் மிகுந்து சோடியமும் கூடினால் கிரிம்சலைட்; அது சுவிட்சர்லாந்தின் கிரிம்சல் பகுதியில் மின்கம்பிகளுக்காகக் குடைந்த ஒரு சுரங்கப்பாதையில் கண்டறியப்பட்டது. சல்பேட்டும் ஃபுளூரைடும் கூடவே இருந்தால் ஷ்ராக்கிங்கரைட். அது 1873-இல், இன்றைய செக் நாட்டிலுள்ள போஹீமியாவின் யாஹிமோவ் சுரங்கங்களிலிருந்து விவரிக்கப்பட்டது. இத்தனை பெயர்களுக்கும் உள்ளே இருப்பது ஒரே கூட்டயனி. ஒரே நீர் வேறு வேறு ஊர்களில் உலர்ந்ததன் கதை என்றே இந்தக் குடும்பத்தை நான் வாசிக்கிறேன்.

ஆண்டர்சோனைட்டின் படிக அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று அதன் வாய்க்கால்கள். கூட்டயனிகளும் சோடியமும் கால்சியமும் சேர்ந்து கட்டும் சட்டகத்துக்குள் நீண்ட குழாய்ப் பாதைகள் ஓடுகின்றன. அவற்றுக்குள் நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. உலர்ந்து பிறந்த கனிமம், பிறந்த நீரில் கொஞ்சத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டிருக்கிறது. அதன் எடையில் ஏறத்தாழ 37 விழுக்காடு யுரேனியம், 17 விழுக்காடு நீர்.

எல்லா யுரேனியக் கார்பனேட்டும் இப்படிக் கரைந்துபோவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவின் மொரோகோரோ அருகே, உலுகுரு மலைகளிலிருந்து கிடைத்த ஒரு மஞ்சள் தாதுவை 1906-இல் பெர்லின் வேதியியலாளர் வில்லி மார்க்வால்ட் விவரித்து, எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டின் பெயரால் ரூதர்ஃபோர்டின் என்று அழைத்தார். அது யுரேனைலும் கார்பனேட்டும் மட்டுமே கொண்டது. நீர் இல்லை, சோடியம் இல்லை, கால்சியம் இல்லை. அங்கே யுரேனைல்களும் கார்பனேட்டுகளும் தாள் தாளாகப் பின்னிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு கார்பனேட்டும் அண்டை யுரேனியங்களோடு பிணைந்திருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு மிகுந்த சூழலில், யுரேனினைட் இருந்த இடத்திலேயே அதன் கரிய படிகத்தின் வடிவம் மாறாமல் மஞ்சளாக மாறி நிற்கிறது. பயணம் போகாத யுரேனியம் அது. ஆண்டர்சோனைட்டில் உள்ள கூட்டயனிகளோ ஒன்றோடொன்று கைகோக்காமல் தனித்தனித் தீவுகளாக நிற்பவை. இடையில் சோடியமும் நீரும்தான் பாலம். நீர் வந்து பட்டதும் பாலம் கரைந்து, தீவுகள் பிரிந்து மிதக்கத் தொடங்கிவிடுகின்றன. நாங்கள் பிரஷ்ஷால் தேய்த்திருக்கவே வேண்டாம். தொட்டியில் போட்டாலே போதுமாயிருந்தது.

ஒளிர்வதும் கதிர்வீசுவதும்

கல்லூரிக் கண்காட்சிகளில் புற ஊதா விளக்கைப் போட்டு ஒரு யுரேனியக் கனிமத்தைக் காட்டினால், பார்ப்பவர்கள் உடனே இரண்டடி பின்னால் போவார்கள். பச்சை ஒளியைக் கதிரியக்கத்தின் நிறம் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாற்று நியாயம்கூட உண்டு. கதிரியக்கத்தைக் கண்டறிந்த ஹென்றி பெக்கரல் 1896-இல் பொட்டாசியம் யுரேனைல் சல்பேட்டைத் தேர்ந்தெடுத்ததே அது நன்றாக ஒளிரும் என்பதால்தான். ஒளிர்வுக்கும் ஊடுருவும் கதிர்களுக்கும் தொடர்பு இருக்கும் என்று எண்ணித்தான் அவர் ஆய்வைத் தொடங்கினார். அதே ஆண்டில், ஒளிராத யுரேனியச் சேர்மங்களும் அதே கதிர்களை வெளியிடுகின்றன என்று அவரே கண்டறிந்து அந்தத் தொடர்பை அறுத்தும் விட்டார். ஆனால் நூற்றாண்டுக்கு மேலாகியும் பொதுமனத்தில் அந்தத் தொடர்பு அறுபடவில்லை.

ஒளிர்வு என்பது யுரேனைல் என்ற அந்த மூன்று அணுக் கூட்டத்தின் எலக்ட்ரான்கள் செய்யும் வேலை. புற ஊதா ஒளியை வாங்கி, அதில் ஒரு பகுதியை அதிர்வாக இழந்து, மீதியைப் பச்சை ஒளியாகத் திருப்பித் தருகின்றன. கதிரியக்கமோ அணுக்கருவின் வேலை. விளக்கை அணைத்தாலும் நடந்துகொண்டேயிருக்கும். யுரேனினைட் கடுமையாகக் கதிர்வீசும், ஆனால் விளக்கின் கீழ் கரியாகவே கிடக்கும். டார்பர்னைட் என்ற தாமிர யுரேனியக் கனிமத்தில் யுரேனைல் உண்டு; அதிலுள்ள தாமிரம் ஒளிர்வை அணைத்துவிடுகிறது. ஆண்டர்சோனைட் அதே விளக்கின் கீழ், இருட்டில் பச்சை நெருப்பாக எரியும். ஆனால் கிராமுக்குக் கிராம் எடுத்துப் பார்த்தால் யுரேனினைட்டைவிட மிகக் குறைவாகவே கதிர்வீசும்.

எடையில் யுரேனியம் குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் மீண்டும் நீரிடமே நம்மை அழைத்துச் செல்கிறது. யுரேனியம் 238 சிதைந்து தோரியம், புரோட்டாக்டினியம், ரேடியம், ரேடான் என்று ஒரு நீண்ட வம்சத்தைப் பெறுகிறது. பழைய யுரேனினைட்டில் அந்த வம்சம் முழுவதும் கூடியிருக்கும். அதன் ஊடுருவும் கதிர்களில் பெரும்பகுதி யுரேனியத்திலிருந்து வருவதில்லை, ரேடியத்துக்குப் பின் வரும் வாரிசுகளிடமிருந்து வருகிறது. கார்பனேட் நீர் யுரேனியத்தை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது தோரியமும் ரேடியமும் பெரும்பாலும் பின்தங்கிவிடுகின்றன. புதிதாகப் பூத்த ஆண்டர்சோனைட்டில் யுரேனியம் மட்டுமே வந்து குடியேறுகிறது. 24 நாள் அரைவாழ்வு (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) கொண்ட தோரியம் 234 சில மாதங்களில் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். அதற்கடுத்து வரும் தோரியம் 230-இன் அரைவாழ்வு 75,000 ஆண்டுகளுக்கும் மேல்; அந்த வாயில் திறந்து ரேடியம் சேர்வதற்கு ஒரு சுரங்கச் சுவரின் ஆயுள் போதாது. ஒரு கிராம் ஆண்டர்சோனைட்டில் யுரேனியம் 238 அணுக்கள் நொடிக்கு ஏறத்தாழ 4,600 சிதைகின்றன. பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அவை வெளியிடும் ஆல்ஃபா துகள்களை ஒரு தாளே தடுத்துவிடும். தூளை மூச்சில் இழுக்காமலும், கைகழுவாமல் சாப்பிடாமலும், மூடிய பெட்டியில் வைத்தும் பார்த்துக்கொண்டால், அலமாரியில் இருக்கும் சிறு துண்டு அஞ்சத்தக்க பொருள் அன்று. கையுறை போட்டது தவறில்லை. நாங்கள் அஞ்ச வேண்டிய இடம் வேறாக இருந்தது என்பதுதான் நான் சொல்ல வருவது.

தட்டின் விளிம்பில்

கண்ணாடித் தட்டை வைத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆன பிறகு பேராசிரியர் எங்களை அழைத்தார். நீர் முழுவதும் வற்றியிருந்தது. தட்டின் நடுவில் எங்கள் ஊர் உப்புத் தண்ணீருக்கே உரிய வெள்ளைப் படிவு. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் நாம் தினமும் பார்க்கும் அதே வெள்ளை. பகல் வெளிச்சத்தில் மஞ்சள் என்று சொல்லும்படி எதுவும் கண்ணில் படவில்லை. எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் சன்னல் திரையை இழுத்துவிட்டுப் புற ஊதா விளக்கைத் தட்டின் மேல் பிடித்தார்.

டபராவில் மிச்சம் வைத்த காபி காய்ந்தால் விளிம்பில் ஒரு வளையம் விழும். அதைப் போலத் தட்டின் விளிம்பைச் சுற்றி, தலைமுடி அகலத்தில், ஒரு பச்சை வளையம் எரிந்தது. அதற்கு உள்ளே இன்னொரு மங்கலான வளையம். நீர் ஒருநாள் அங்கே தங்கி வற்றியிருக்கவேண்டும். நடுவிலிருந்த வெள்ளைப் படிவில் அங்கங்கே பச்சைப் புள்ளிகள். பேராசிரியர் விளக்கைத் தள்ளிப் பிடித்தார், வளையம் மறைந்தது. கிட்டக் கொண்டுவந்தார், திரும்ப வந்தது. “சுரங்கத்துச் சுவர்ல நடந்தது இந்தத் தட்டுல நடந்திருக்கு. ஆனா இது ஆண்டர்சோனைட்னு எழுதி ஒட்டிடாதீங்க. நம்ம தண்ணியில இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தாச்சு” என்றார்.

கனிமம் எப்படி உருவாகிறது என்று அதுவரை நான் எழுதிய தேர்வுத் தாள்கள் எல்லாம் அந்த நிமிடத்தில் எனக்குச் சாதாரணமாகத் தெரிந்தன. அரிசோனாவின் நீர் தந்த சோடியமும் கால்சியமும் ஒரு பெயரை உண்டாக்கியிருந்தன. எங்கள் ஊர்க் குழாய் நீர் அந்தப் பெயரைக் கலைத்துவிட்டு, உள்ளே இருந்த கூட்டயனியை வாங்கி, தன்னிடம் உள்ளதைக் கொடுத்து வேறொன்றாகக் காயவைத்திருந்தது. யுரேனியத்துக்கு அது ஓர் இழப்பே இல்லை. கல்லிலிருந்து நீருக்கும் நீரிலிருந்து தட்டுக்கும் அது எளிதாகக் கைமாறியிருந்தது. அப்போதுதான் சிங்க்கில் போன முதல் தண்ணீரின் நினைவு வந்தது. அதற்கு ஒரு தட்டு இருந்திருக்காது. ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்த உறிஞ்சுகுழிக்குத்தான் அது போயிருக்கும்.

நீருக்குள் இருக்கும் லீபிகைட்

லீபிகைட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதுதான். ஜெர்மனியின் கீசென் நகரில் யூஸ்டுஸ் ஃபான் லீபிகிடம் வேதியியல் பயின்ற அமெரிக்கர் ஜே. லாரன்ஸ் ஸ்மித், ஒட்டோமான் அரசுப் பணியில் துருக்கியில் இருந்தபோது, அட்ரியானோப்பிள் நகருக்கு அருகே கிடைத்த ஒரு பச்சைப் பொருக்கை ஆராய்ந்து 1848-இல் தம் ஆசிரியரின் பெயரைச் சூட்டினார். கதிரியக்கம் என்ற சொல்லே பிறப்பதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு. இரண்டு கால்சியம், ஒரு யுரேனைல், மூன்று கார்பனேட், அதோடு நிறைய நீர் என்பது அதன் கட்டமைப்பு.

ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்குப் பிறகு, 1990-களின் நடுவில், கிழக்கு ஜெர்மனியின் மூடப்பட்ட யுரேனியச் சுரங்கப் பகுதிகளின் நீரை கெர்ட் பெர்ன்ஹார்டும் உடன் ஆய்வாளர்களும் லேசர் ஒளியால் ஆராய்ந்தார்கள். அந்த நீருக்குள் யுரேனியம் எந்த உருவில் இருக்கிறது என்பதே அவர்களின் கேள்வி. விடையாகக் கிடைத்தது, ஒரு யுரேனைல், மூன்று கார்பனேட், அவற்றைச் சுற்றி இரண்டு கால்சியம். அதாவது லீபிகைட் எந்த விகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறதோ அந்த விகிதம் நீருக்குள்ளேயே உருவாகி, மின்னூட்டம் இல்லாத ஒரு கூட்டாக மிதந்துகொண்டிருந்தது. மின்னூட்டம் இல்லாததால் மண்துகள்கள் அதை ஈர்ப்பதும் அரிது. யுரேனியத்தை மீண்டும் கரையாத நிலைக்குத் திருப்பும் நுண்ணுயிர்களின் வேலையும் கால்சியம் மிகுந்த நீரில் மந்தமாகிவிடுகிறது. அதற்கு முன்பு, யுரேனியத்தை மண் பிடித்துக்கொள்ளும் என்று நம்பிப் போட்ட கணக்குகள் பலவற்றை இந்தக் கால்சியம் மாற்றியெழுத வைத்தது.

பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் ஆழ்துளைக் கிணறுகளில் யுரேனியம் கூடுதலாக இருப்பதாகச் செய்தி வரும்போதெல்லாம், பக்கத்தில் அணு உலை உண்டா, சுரங்கம் உண்டா என்றுதான் நாம் முதலில் தேடுகிறோம். தேட வேண்டியது பைகார்பனேட்டையும் கால்சியத்தையும், நீர்மட்டம் இறங்கும்போது ஆழத்துக்கு நுழையும் ஆக்சிஜனையும். கிரானைட்டிலும் அதன் சிதைவால் உண்டான வண்டலிலும் யுரேனியம் இயல்பாகவே பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவில் இருக்கிறது. அதை எடுத்து நடக்கவைக்கத் தேவையான வண்டி அந்த நீரில் இருக்கிறதா என்பதே கேள்வி. குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அந்த அளவை வகுத்ததும் கதிரியக்கத்துக்கு அஞ்சி அன்று; யுரேனியம் ஒரு கன உலோகமாகச் சிறுநீரகத்துக்குச் செய்யும் வேதியியல் தீங்கைக் கருதித்தான்.

இந்த எண்ணை அறிந்த நாளில் ஒரு கணக்குப் போட்டேன். நூறு மில்லிகிராம் ஆண்டர்சோனைட் என்பது இரண்டு விரல்களால் எடுக்கும் ஒரு சிட்டிகைக்கும் குறைவு. அதில் 37 மில்லிகிராம் யுரேனியம். லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்ற எல்லையை எட்டவைக்க அது 1,200 லிட்டர் நீருக்குப் போதும். மொட்டைமாடியில் வைத்திருக்கும் கருப்புத் தொட்டி ஒன்று நிரம்பி, இன்னும் மிஞ்சும். அலமாரியில் வைத்தால் அதன் ஆல்ஃபா துகள்களை ஒரு தாளால் தடுத்துவிடக்கூடிய பொருள், நீரில் போட்டால் ஒரு குடும்பத்தின் தொட்டியையே தொட்டுவிடுகிறது.

இதே வண்டியை மனிதர்கள் வேண்டுமென்றே பூட்டி ஓட்டும் இடமும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. ஆந்திரத்தின் கடப்பா பகுதியில், தும்மலப்பள்ளியில், யுரேனியம் டோலமைட் என்ற சுண்ணாம்பு வகைப் பாறைக்குள் கலந்து கிடக்கிறது. ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் செய்வதுபோல் கந்தக அமிலத்தை ஊற்றினால், யுரேனியத்தைத் தொடுமுன்பே டோலமைட் அமிலம் முழுவதையும் குடித்துவிடும். எனவே தும்மலப்பள்ளியில் பாறையை அரைத்து, சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கலந்த கரைசலில், வெப்பமும் ஆக்சிஜன் அழுத்தமும் கொடுத்து யுரேனியத்தை இழுக்கிறார்கள். அந்தக் கலன்களுக்குள் உருவாவது மூன்று கார்பனேட்டுகள் சூழ்ந்த அதே சக்கரம்தான். சுவரின் ஈரம் பல ஆண்டுகளில் மெல்ல மெல்லச் செய்ததை அங்கே சில மணி நேரத்தில் செய்து முடிக்கிறார்கள்.

நான் இப்போது பாடம் நடத்தும் இடத்தில் ஒரு சிறு கனிம அலமாரி உண்டு. அந்த மணற்கல் துண்டைப் பேராசிரியர் ஓய்வு பெறும்போது, துறையின் ஒப்புதலோடு என்னிடம் கொடுத்தார். பள்ளங்களுக்குள் எஞ்சிய மஞ்சள் இன்னும் இருக்கிறது. விளக்கைப் பிடித்தால் இருட்டில் நட்சத்திரங்கள் சிதறியதுபோல் தெரியும். அதை இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிக் குடுவையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு வைத்திருக்கிறேன். அதற்கென்று புதிதாக எழுதிய அட்டையில் முதல் வரி, ‘நீரில் கரையும், கழுவக் கூடாது’. இரண்டாவது வரியில் பெயர். கதிரியக்கம் என்ற சொல் மூன்றாவது வரியில், கருப்பு மையில், அடிக்கோடு இல்லாமல் இருக்கிறது.